வாயாடி இன்று பேசவில்லை

கியர்னி, நெப்ராஸ்கா
20 மார்ச் 1978, திங்கள்

அன்பு மகன் ரேமண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லாம் சுகம். அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கவும், இந்தத் தவக்காலத்திலாவது நீ வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தொடாதிருக்கவும் மன்றாடுகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். உன் அப்பா உயிரோடிருக்கிறார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பேசவில்லை என்றுதான் சொன்னேன். அது அவர் உயிரோடிருந்தபோதும் உண்மைதான்.

உனக்குச் சேதி சொன்னது அடுத்த வீட்டு விலாஸ்தா குச்சேரா என்பது எனக்குத் தெரியும். சமையலறை ஜன்னலில் ரேடியோவை வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டபடி உருளைக்கிழங்கு உரிப்பது அவள் பழக்கம். அதனால்தான் அவள் வீட்டு உருளைக்கிழங்கில் எப்போதும் பாதித் தோல் இருக்கிறது. அவள் பேச்சைக் கேட்டு நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை வந்து கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போகப் போவதாக, பிள்ளையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். முக்கியமான விஷயத்தைத் தொலைபேசியில் பேசக் கூடாது, எழுத வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் இஸ்திரி போட்ட பீடத் துணிகளைக் கிராண்ட் ஐலண்டில் உள்ள கன்னியாஸ்திரீகளிடம் சேர்ப்பது உன் அப்பாவின் வேலை. நாற்பது மைல் போகவர அவருக்கு நாலு மணி நேரம் ஆகும். நிதானமாக ஓட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அதே பச்சை வண்டி, அதே மஞ்சள் கதவு. மாற்றிய கதவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி ஆறு வருடம் கெஞ்சினேன், அவர் அடிக்கவில்லை. போன அக்டோபரில் குளிருக்கு ஹீட்டர் போடுகிறேன் என்று வேறு குமிழைத் திருகிவிட்டேன். வண்டிக்குள் ஒரு ஆண் குரல் கேட்டது: "பச்ச வண்டி, மஞ்சக் கதவு. உள்ள யாருங்க இருக்கீங்க?"

பெட்ரோல் தட்டுப்பாட்டு வருடத்தில் அவர் பொருத்திய ரேடியோ அது, லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற வகை. எங்கே பெட்ரோல் கிடைக்கிறது, எங்கே போலீஸ் மறைந்து நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளத்தான் என்று என்னிடம் சொல்லியிருந்தார். கேட்டால் பதில் சொல்வதுதான் மரியாதை. ஒலிவாங்கியை எடுத்து, திருமதி எமில் பெட்ராசெக் பேசுகிறேன் என்றேன். அந்தக் குரல், "அட, நம்ம வாயாடியோட மதர் சுப்பீரியரா?" என்றது.

ரேமண்ட், அங்கே யாரும் சொந்தப் பெயரில் பேசுவதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. பேசியவன் ஐடஹோவிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வருகிறவன். அவன் பெயர் நனைந்த கோழி. என் பெயர் கன்னியர் மடத்துத் தலைவியைப் போல மதர் சுப்பீரியர் என்பது, அந்தச் சாலையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாற்பத்தொரு வருடம் என்னோடு உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசாத மனிதருக்கு வயோமிங் வரைக்கும் வாயாடி என்று பெயர்.

அடுத்து அவன் என்ன கேட்பான் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவன் கேட்பதற்கு முன்பே, "அவர் இன்னிக்குப் பேசல" என்றேன். அவன், "சரிங்க மதர். கோழி விசாரிச்சான்னு சொல்லுங்க" என்றான். அடுத்த வாரம், தூங்குகிறார் என்றேன். விலாஸ்தா கேட்டது அதைத்தான்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். அந்த ரேடியோவில் ஒரு குரல் நாலைந்து மைலுக்குத்தான் எட்டும். ஒருவன் உன் அப்பாவைப் பற்றி ஏதோ ஆரம்பிப்பான். மேடு தாண்டியதும் தண்ணீருக்குள் போகிறவன் போல அவன் குரல் அமிழ்ந்துவிடும். எதிரே வருகிற வேறொருவன் மீதியைச் சொல்வான். முதன்முதலில் நடன மண்டபத்தில் அவர் என்னை ஆட அழைத்தபோது, சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பினேனாம். அவர் வெளியே போய், கண்ணாடி இல்லாமல், ஒரு டிராக்டர் விளக்கில் முகம் பார்த்து நேராக்கினாராம். இந்த டிராக்டர் விளக்கு எனக்குத் தெரியாது. மாடு ஏற்றிப்போகிற ஒருவனிடமிருந்து தெரிந்துகொண்டேன். செத்துவிட்டார் என்று சொன்னால் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, மரியாதையாக வாயை மூடிக்கொண்டுவிடுவார்கள். நம் ஊரில் அப்படித்தானே செய்தார்கள், நீ உட்பட.

பொய் பாவம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. போன வியாழன் அதைத் தீர்த்துவிட்டேன். காலை பத்து மணிக்குப் பிளாட் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து சாலையை மூடிவிட்டது. நாரைகள் வந்திருக்கிற மாதம். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் அவை தலைக்கு மேலே கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டு போவது மட்டும் கேட்டது. வானத்தில் ஓட்டுகிறேனா தரையில் ஓட்டுகிறேனா என்று நிச்சயமில்லை. கோழி முன்னால் வந்து தன் சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டச் சொன்னான். மாட்டுக்காரன் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டான். முன்னால் போகிறவன் வழி பார்ப்பான், பின்னால் வருகிறவன் முதுகைப் பார்ப்பான், நடுவில் போகிறவருக்கு ஒரு கவலையும் இல்லை. அந்த நடு இடத்துக்கு ஆடும் நாற்காலி என்று பெயர். இரண்டு லாரிகள் என்னைக் கடத்திக்கொண்டு போனதாக விலாஸ்தா சொன்னாளே, அதன் உண்மை இவ்வளவுதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னால் பொய்யாக இருக்க முடியவில்லை. பொத்தானை அழுத்தி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் தூங்கல. போன வருஷம் பிப்ரவரி ஒன்பதாம் தேதி தவறிட்டார்" என்றேன்.

கோழி சொன்னான்: "தெரியும் மதர். அன்னிக்குக் காலைல இங்க சேதி கிளம்பி, சாயங்காலத்துக்குள்ள வயோமிங் போயிடுச்சு. ரெண்டு நாள் எல்லாரும் பகல்லயே விளக்குப் போட்டு ஓட்டினோம்."

"அப்புறம் ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லலையே மதர். நாங்க எப்படிச் சொல்றது?" என்றவன், "கொஞ்சம் வலது பக்கம் வாங்க. கோட்டைத் தாண்டுறீங்கன்னு பின்னாலேருந்து சொல்றான்" என்றான்.

சனிக்கிழமை குருவானவரிடம் பொய்யை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டேன். ஆகையால் இப்போது என் பெயரில் பொய்யும் இல்லை, புத்திக் கோளாறும் இல்லை. ஐம்பதுக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. கண்ணாடியும் போன மாதம் மாற்றியதுதான். பேசுவதை நிறுத்திவிட்டேன், இனி கேட்க மட்டும் செய்வேன். சாவி என்னிடமே இருக்கட்டும். ரேமண்ட், வீட்டுக்குள் அவர் குரல் இருந்ததேயில்லை. அந்த நாற்பது மைலில்தான் இருக்கிறது.

உன் வீட்டு வாசலையும் உன் பிள்ளைகளின் படுக்கையையும் காவல் தூதர்கள் காக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. கசகசாப் பணியாரத்துக்கு மாவு இரண்டு முறை உப்ப வேண்டும் என்று அவளிடம் சொல்.

உன் தாய்,
லுட்மிலா பெட்ராசெக்

பி.கு. (பெரிய வியாழன், மாலை): தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இன்னும் மேசையிலேயே இருக்கிறது, நல்லதாயிற்று. ஈஸ்டர் துணிகளைக் கொடுத்துவிட்டு இப்போதுதான் திரும்பினேன். வழியில் கலிஃபோர்னியாவிலிருந்து வருகிற ஒரு புதியவன், மஞ்சள் கதவைப் பார்த்து, "வாயாடின்னு ஒருத்தர் இருக்காராமே, அவரா?" என்று கேட்டான். மற்ற எல்லோரும் இரண்டு மைல் தூரம் மூச்சுக்காட்டவில்லை. நான் பொத்தானை அழுத்தி, "பக்கத்துலதான் இருக்கார். தூங்குறார்" என்றேன். "எழுப்பாதீங்க மதர்" என்றான் கோழி. மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருக்கும். போக வண்டி வேண்டும். தொலைபேசியில் கூப்பிடாதே. சாவியைப் பற்றி உன் பதிலை எழுத்தில் அனுப்பு.