சர்வரில் ஏறிய மாப்பிள்ளைகள்

பெண்ணைப் பெற்றவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் மானத்தோடு பிரிந்து போவதற்கு நம்மிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது: "ஜாதகம் பொருந்தலை." பையனுக்குக் காது பெரிதாக இருந்தால் ஜாதகம் பொருந்தாது. பெண் வீட்டுக் காபி தண்ணீராக இருந்தாலும் ஜாதகம் பொருந்தாது. சொல்கிறவர்களுக்கும் உண்மை தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும்; யாரும் தோண்டிக் கேட்பதில்லை. ஊரே சேர்ந்து கட்டிக்காத்த அந்த நாகரிகத்தை, மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்பது அங்குல டிவியில் போட்டு உடைத்தவள் நான். படித்த பெண் வேறு. (அதுதான் வினையே.)

கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். அப்பாவுக்கு உரக்கடையும் கொஞ்சம் நிலமும். அண்ணன் சிங்கப்பூரில். அங்கே அவனுக்குப் பிறந்த பையனை அம்மா போட்டோவில்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டோக்கள் என் லேப்டாப்பில் பாதி, அப்பாவின் போனில் பாதி, யார் யாரோ கொண்டுவந்த பென் டிரைவ்களில் இன்னொரு பாதி என்று சிதறிக் கிடந்தன. ஒருநாள் அப்பாவின் போன் வாய்க்காலில் விழுந்தது. பேரன் முதன்முதலாகக் குப்புற விழுந்த படமும் அதோடு போனது. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் அறிவித்தேன்.

"அப்பா, நான் ஒரு சர்வர் கட்டப்போறேன்."

"என்னத்தக் கட்டப்போற?"

"எல்லாப் போட்டோவையும் ஒரே பெட்டில கொண்டாந்து போட்டுடலாம்ப்பா. டிவில பாக்கலாம், போன்ல பாக்கலாம். அண்ணனும் அங்கேருந்தே பாக்கலாம்."

"நெல்லு கொள்முதல் நிலையம் மாதிரின்னு சொல்லு."

"அதேதான்ப்பா."

"மழைல நனையாம இருந்தா சரி" என்று அனுமதி கொடுத்தார்.

மூடிவிட்ட பிரௌசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கேபினட் வந்தது. அண்ணனின் நண்பர் சிங்கப்பூரிலிருந்து தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே துண்டில் சுற்றி இரண்டு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். ஒன்றில் எழுதுவது தானாகவே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று பிழைத்திருக்கும். இலவசமாகக் கிடைத்த மென்பொருளைப் போட்டேன். மூன்று முறை கறுப்புத் திரை. நாலாவது முறை உயிர் வந்தபோது நான் கத்திய கத்தலில், பால் பொங்கிவிட்டதோ என்று அம்மா அடுப்புக்கு ஓடினாள். நெல் மூட்டை அடுக்கும் பின்னறைதான் அதற்கு இடம். உமித் தூசிக்காக அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதன் ஃபேனுக்கு வடிகட்டி கட்டினேன். மணிக்கணக்கில் கரண்ட் போகும் காலமாதலால் யு.பி.எஸ்ஸில் பழைய டிராக்டர் பேட்டரி ஒன்றை இணைத்தேன். ஊரே இருண்டாலும் என் பெட்டி மட்டும் முனகிக்கொண்டே இருக்கும். எனக்கு அதில் தாங்க முடியாத பெருமை.

தகராறு வந்தது பாஸ்வேர்டில். டிவியில் பேரனைப் பார்க்கப் போன அப்பாவிடம் அது பாஸ்வேர்டு கேட்டுவிட்டது. "நம்ம வீட்ல நமக்கே பூட்டா?" என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் பூட்டையே எடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? சிக்னல் இல்லாத நேரத்தில் பெட்டியில் உள்ள படங்களை டிவி தானாகவே ஒவ்வொன்றாக, அடியில் பெயரோடு காட்டும்படியும் செய்துவைத்தேன். பேரன் ஃபோல்டரை மட்டும் காட்டச் சொல்லியிருக்கலாம். முழுப் பெட்டியையும் காட்டச் சொன்னேன். அப்போது பெட்டியில் பேரன் மட்டும்தான் இருந்தான்.

பிறகுதான் மாப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். தரகர் கொடுக்கும் போட்டோக்களை அண்ணனும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டுமே! ஸ்கேன் செய்து பெட்டியில் ஏற்றினேன். அவன் ஒவ்வொன்றாகத் திறந்து கஷ்டப்பட வேண்டாம் என்று, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, எங்கள் தீர்ப்பையே ஃபைல் பெயராக வைத்தேன். 'பட்டுக்கோட்டை_தலைமுடி_அடுத்த_வருஷம்_போயிடும்.' 'திருவாரூர்_போட்டிருக்கற_சட்டை_அவன்_அண்ணனோடது.' 'கும்பகோணம்_முரளி_பல்லு_முன்னாடி_ஆளு_பின்னாடி.' (எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கண்ணாடியில் என் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.) தரகர் மூலம் அத்தனை பேருக்கும் போன பதில் ஒன்றுதான்: ஜாதகம் பொருந்தலை.

அப்புறம் தஞ்சாவூர் பாஸ்கரின் போட்டோ வந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்வானேன், ரொம்பவே பிடித்துவிட்டது. அந்த மீசை மட்டும் வேறு யார் வீட்டிலிருந்தோ வந்து அவர் முகத்தில் தங்கியிருந்தது போல இருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் அதை முடி முடியாக அழித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலையே பெயராக வைத்து அதையும் பெட்டியில் போட்டுவைத்தேன்.

அவர்கள் பெண் பார்க்க வருகிற நாள். கூடத்துச் சுவர்க் கடிகாரம் காலையிலிருந்தே நின்றிருந்தது. நல்ல நேரம் தவறிவிடக் கூடாதே என்று அப்பா டிவி ரிமோட்டிலிருந்த பேட்டரிகளை எடுத்துக் கடிகாரத்தில் போட்டார். மூன்று மணிக்கு, அம்மா சீரியல் பார்த்தபடி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போனது. டிவி தானாக அடங்கியது. அதன் சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாலரைக்கு மூன்று பேர் வந்தார்கள்: பாஸ்கர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவர் அப்பா, அவர் அத்தை. பாஸ்கருக்கு அம்மா இல்லை. வளர்த்தது அத்தைதான், கல்யாணத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல் என்று தரகர் முன்பே சொல்லி வைத்திருந்தார். அத்தை சோபாவின் நடுவில் அமர்ந்தார். டிவிக்கு எதிர்ச் சுவரில் இருந்த அதன் சுவிட்ச் போர்டு அவர் முதுகுக்குப் பின்னால். நான் அசோகா அல்வாவும் பஜ்ஜியும் கொடுத்துவிட்டு, சமையலறைக் கதவோரம் வந்து நின்றேன். அத்தை ஒரு வாய் காபி குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கல்யாணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கரண்ட் வந்தது. டிவி தானாக விழித்துக்கொண்டது. கேபிள்காரர் இன்னும் உயிர் பெறவில்லை. திரையில் வெறும் நீலம். கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூர் பேரன் பொக்கை வாயோடு வந்தான்.

"பேரனுங்க" என்று அப்பா நிமிர்ந்தார். "இதெல்லாம் எம்பொண்ணே செஞ்சதுங்க. பெட்டி உள்ள இருக்கு. படமெல்லாம் தானா வரும்."

"அடேங்கப்பா" என்று வாத்தியார் கண்ணாடியை மாட்டினார்.

முன்பு விட்ட இடத்திலிருந்தே டிவி தொடர்ந்ததால் பேரன் நாலைந்து படங்களில் முடிந்துபோனான். அடுத்து பட்டுக்கோட்டைக்காரர் வந்தார். வாத்தியாருக்கு ஆயுசு முழுக்க வகுப்பில் வாசித்துக் காட்டிய பழக்கம். எழுத்து கண்ணில் பட்டால் வாய் சும்மா இருக்காது. "பட்டுக்கோட்டை... தலைமுடி... அடுத்த வருஷம்... போயிடும்" என்று கணீரென்று படித்தார். "யாருங்க இது?"

"சொந்தக்காரப் பையன்ங்க" என்ற அப்பா ரிமோட்டை எடுத்து அமுக்கினார். அமுக்கினார். எழுந்து நின்று இரண்டு கையாலும் அமுக்கினார். அதன் பேட்டரிகள் டிவிக்கு மேலே கடிகாரத்தில் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

"திருவாரூர்... போட்டிருக்கற சட்டை... அவன் அண்ணனோடது. இவரு?"

"இவரும் சொந்தந்தாங்க."

அடுத்த படம் வந்தது. வாத்தியார் "கும்பகோணம்... முரளி..." என்று ஆரம்பித்து, முதல்முறையாகப் பாதியில் நிறுத்தினார். அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். மீதியை அவரே படித்தார். முழுசாக, நிதானமாக, உரக்க.

"இவனும் உங்களுக்குச் சொந்தமா?" என்று அப்பாவைக் கேட்டார். "இவன் எம்பையன்."

என் கையிலிருந்த காலித் தட்டு தரையில் விழுந்து சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டது. அப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதைத் தைரியமாக எடுத்துவிட்டார்.

"வைரஸ்ங்க."

"வைரஸுக்கு எம்பையன் பல்லு எப்படிங்க தெரியும்? ஜாதகம் பொருந்தலைன்னுல்ல தரகர்ட்ட சொல்லி அனுப்பிச்சீங்க?"

நான் பின்னறைக்கு ஓடினேன். பட்டுப்புடவை நெல் மூட்டையில் மாட்டி, சேஃப்டி பின் தெறித்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். யு.பி.எஸ் 'பீப்' என்றது. டிராக்டர் பேட்டரி இருக்கும்போது உனக்கென்ன கவலை என்று பெட்டி பாட்டுக்கு ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே சபித்தேன். கூடத்திலிருந்து வாத்தியாரின் குரல் மறுபடியும் எழும்பியது. என்ன படிக்கிறார் என்று காதில் விழவில்லை, விழ வேண்டிய அவசியமும் இல்லை. முரளிக்குப் பிறகு பெட்டியில் யார் என்று எனக்குத் தெரியாதா? யு.பி.எஸ்ஸை அணைக்கக்கூடத் தோன்றாமல் நெட்வொர்க் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்தேன்.

வயர் போனால் படம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. கடைசியாக வந்த படத்தைப் பிடித்துக்கொண்டு டிவி அப்படியே நின்றிருந்தது. நாற்பது அங்குலத்துக்கு பாஸ்கர், மீசை இல்லாமல். அதன் எதிரே நிஜ பாஸ்கர், மீசையோடு. நடுவே என் எழுத்து: 'பாஸ்கர்_மீசை_இல்லாம_அய்யோ.'

ஆறாம் முறையோ ஏழாம் முறையோ அப்பா ரிமோட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் என்றால் தலையைக் குனிந்து நிற்க வேண்டிய இடத்தில், ஒரு மத்தியானம் முழுக்க நான் யாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது கூடத்துக்கே தெரிந்துபோனது. பிறர் பல்லைப் பற்றி எழுதியதற்கு வந்த வெட்கம் ஒரு பக்கம். இது அதைவிடப் பெரிய வெட்கம்.

பாஸ்கர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மெதுவாக மேலுதட்டுக்குப் போனது.

"மீசைய எடுத்தது யாரு?"

"நான்தான்."

என் வீட்டுக்காரரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஆனால் அன்றைக்கு அவர் என் வீட்டுக்காரர் ஆவார் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அத்தை எழுந்துவிட்டார். "கிளம்பலாம்" என்றார். அசோகா தட்டில் அப்படியே இருந்தது. மூவரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். எங்களில் யாருக்கும் வாசல்வரை போக முகம் இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்திலிருந்து பேட்டரிகளை எடுத்து ரிமோட்டில் போட்டு, டிவியை அணைத்தார். கடிகாரம் ஐந்து பத்தில் நின்றது. "பூட்டுப் போடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் மானம் போனதற்குக் கொஞ்சம், பாஸ்கர் போனதற்கு நிறைய.

பதினொரு நாள் கழித்து, எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பயோடேட்டாவில் இருந்த முகவரியைத் தேடிப் பிடித்து பாஸ்கர் அனுப்பியிருந்தார். இணைப்பில் ஒரே ஒரு படம். மீசையை எடுத்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. ஃபைல் பெயர்: 'பாஸ்கர்_நிஜமாவே_இல்லாம_அய்யோவா.' கீழே இரண்டு வரி: "அத்தை பத்து நாளா யார்கூடவும் பேசலை. இன்னைக்கு என் முகத்தப் பாத்ததும், உங்க வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டாங்க. ஒரு கண்டிஷன் இருக்காம்."

கண்டிஷனோடு அத்தை வந்தார். காபிகூட வாங்காமல் நேரே பின்னறைக்குப் போய், நெல் மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். "எங்க, மாத்துங்க பாப்போம்."

மாற்றினேன். 'கும்பகோணம்_முரளி_தங்கமான_பையன்.'

"மன்னிச்சிருங்க" என்றேன். நிஜமாகவே மனதார.

"ரெண்டு டிஸ்க்குன்னு உங்கப்பா சொன்னாரே. இன்னொண்ணுலயும் மாறுச்சா?"

"தானா மாறிடும்ங்க."

"தானா வர்றதையெல்லாம் நான் நம்பறதில்லம்மா" என்றார். இரண்டாவது டிஸ்க்கையும் தனியாக மாட்டிக் காட்டிய பிறகுதான் அசோகா சாப்பிட்டார்.

ஆனால் அண்ணன், தீர்ப்போடு கூடிய அந்தப் பழைய ஃபோல்டரை அப்போதே சிங்கப்பூரில் இறக்கி வைத்துக்கொண்டுவிட்டான். நாம் காப்பாற்ற நினைத்தது வாய்க்காலில் போகும், அழிக்க நினைத்தது கடல் கடந்தும் வாழும். ஒவ்வொரு கல்யாணத்திலும் அண்ணன் அதை வாசிக்க, எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் முரளிதான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டு, "இதை எந்த ஃபோல்டர்ல போடுவீங்க அண்ணி?" என்று கேட்பார். நான் அவருக்கு மட்டும் இரண்டு அசோகா வைப்பேன்.

பாஸ்கர் அன்றிலிருந்து மீசை வைப்பதில்லை. என்மேல் கோபம் வந்தால் மட்டும் சவரத்தை நிறுத்திவிடுவார். வாய் திறந்து ஒரு வார்த்தை திட்டமாட்டார். எங்கள் சண்டை எத்தனை நாளாக நடக்கிறது என்பதை அவர் மேலுதட்டைப் பார்த்தே எங்கள் மகள் சொல்லிவிடுவாள்.

நேற்று முன்தினத்திலிருந்து அங்கே லேசாகக் கறுப்பு தெரிகிறது. நான் என்ன செய்தேன் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.