தாள் ஐம்பது, ஆள் ஒன்பது

"வெறுந்தாளுல கைநாட்டா? என்னைப் பாத்தா உனக்குக் கிறுக்கி மாதிரியாலே தெரியுது?" என்று சித்தி அழகியநாயகி இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வள்ளிநாயகம் மைத்தட்டும் தாளுமாக முற்றத்தில் நின்றான். அஞ்சுகிராமம் பக்கத்தில் அவன் ஊர். நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அந்த 1951 கோடை விடுமுறையில் மற்றப் பையன்கள் மாம்பழம் தின்று தூங்கிக்கொண்டிருக்க, இவன் வடசேரியில் 'கைரேகை ஆராய்ச்சி நிலையம்' என்று போர்டு தொங்கிய ஒரு மாடியறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். நடத்துபவர் கிருஷ்ணமணி. போலீஸில் ரேகை பார்த்து ரிட்டயரானவர்.

பயிற்சிக்கு வந்த நாலு பேரிடமும் அவர் சொன்னது இதுதான். ஆளுக்கு ஐம்பது பேருடைய இடது பெருவிரல் ரேகை கொண்டுவர வேண்டும். ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். யார் அறிக்கை உசத்தியோ அவனைப் போலீஸ் ரேகைப் பிரிவுக்குச் சிபாரிசு செய்வார். அவர் கடிதம் போனால் வேலை நிச்சயம்.

வள்ளிநாயகத்துக்கு அந்த வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் அப்பா வயலில் இறக்கிவிடுவார். சேற்றைக் கண்டாலே அவனுக்குத் தும்மல் வரும்.

"சித்தி, இது ஆராய்ச்சிக்காக்கும்."

"உங்க மாமாவும் இப்பிடித்தான் ஒருத்தன் நீட்டின தாளுல விரலை வச்சாரு. குளத்தடி வயலு போச்சு. போலே, வேற சோலியைப் பாரு!"

அந்த ஊரில் பெருவிரலுக்கு அவ்வளவு மரியாதை. சோறு பிசைய மற்ற விரல்கள் போதும், இது பத்திரத்துக்கென்றே படைக்கப்பட்டது.

வெறுந்தாள் என்பதுதானே பயம்? வள்ளிநாயகம் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு தாளின் தலையிலும் பெயர், வயது, தகப்பன் பெயர் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிக்கொண்டு திரும்பி வந்தான்.

சித்திக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்தால் தெரியும்.

"அய்யோ, மேல முழுக்க எழுதிட்டுல்லா கொண்டாந்திருக்கான்! இனி கீழ விரலை வைக்கதுதான் பாக்கி!" என்று தெருவுக்கே கேட்கும்படி அலறினாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. படித்த பையன் குடும்பச் சொத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்க வந்திருக்கிறானாம்.

சரி, விஷயத்தை விளக்கமாகச் சொல்லிவிடுவோம் என்று கோவில் வாசலில் நாலு பெரியவர்களைப் பிடித்து உட்கார வைத்தான். "இப்போ ஒரு களவு நடக்குதுன்னு வையுங்கோ. கள்ளன் விட்டுட்டுப் போன ரேகையை உங்க ரேகையோட ஒத்துப் பாத்தா…"

"அப்போ எங்களைக் கள்ளன்னு சொல்லுகியா?" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். மறுநாள் ஒரு கல்யாண வீட்டில் அவன் பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் தன் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அறிவியலை வளர்க்கிறவனுக்கு இந்த ஊரில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்!

அறிக்கை கொடுக்க இன்னும் இரண்டே நாள். கையில் ஒரு ரேகை கூட இல்லை. அவனுடைய ரேகை மட்டும் அவன் சட்டை பூராவும் இருந்தது.

அப்போதுதான் ரேஷன் கடைக் கோலப்பன் கூப்பிட்டார். "ஏலே, இதுக்கா இந்தப் பாடு? தாளையும் மையையும் எனக்க கையில தா. நாளைக்கு சீனி போடுகேன். விரலை வச்சாத்தான் சீனின்னு சொன்னா முடிஞ்சுது. வீட்டுல எத்தனை பேரோ அத்தனை தாள்."

மறுநாள் சாயங்காலம் ஐம்பது தாளும் சணலில் கட்டித் தயாராக இருந்தன. வள்ளிநாயகத்துக்கு அவரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

வீட்டில் உட்கார்ந்து லென்ஸை வைத்துப் பார்த்தான். முதல் தாளும் இரண்டாம் தாளும் ஒரே ரேகை. மூன்றாவதும் அதே. கண்ணில் கோளாறு என்று கண்ணைக் கழுவினான். லென்ஸில் கோளாறு என்று லென்ஸைக் கழுவினான். ஐம்பது தாளையும் பார்த்து முடித்தபோது தேறியது ஒன்பதே ஒன்பது பெருவிரல்கள். சித்தி வீட்டுத் தாள் ஆறிலும் ஒரே விரல்.

ஓடினான். "சித்தி, ஆறு பேருக்கும் நீங்கதானா வச்சிய?"

"பின்ன? வீட்டுக்கு மூத்தவ நான் இருக்கும்போ பிள்ளைய எதுக்கு விரலை அழுக்காக்கணும்? ரேஷன் கார்டுக்கும் நாந்தான் வச்சேன், உனக்க சித்தப்பாவுக்கும் சேத்து. நீ ஒண்ணு கேட்ட, நான் ஆறு தந்திருக்கேன். பின்னயும் குறை சொல்லுகியே!"

மறுநாள் காலையில் அறிக்கை கொடுக்க வேண்டும். 'ஐம்பதும் வேறு வேறு' என்று எழுதிவிட்டால் என்ன? பேனாவை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். மனசு கேட்கவில்லை. எந்தத் தாள் எந்த விரல், எந்தச் சுழி எங்கே திரும்புகிறது என்று அங்குலம் அங்குலமாக ஆறு பக்கம் எழுதினான். கடைசி வரி: 'தாள் ஐம்பது, ஆள் ஒன்பது.' படித்துப் பார்த்தபோது பெருமையாகவே இருந்தது. ஊரே சேர்ந்து ஏமாற்றியும் கண்டுபிடித்துவிட்டானே!

வடசேரி மாடியறையில் மற்ற மூவரும் தலை வாரி, பவுடர் பூசி உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணமணி சப்பாத்திக் கல் அகலத்துக்கு ஒரு லென்ஸை எடுத்து அந்த மூவருடைய தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். நடுவில் யாரும் தும்மக்கூட இல்லை.

"சபாஷ்! நூத்தைம்பது தாள், நூத்தைம்பது ரேகை! ஒண்ணைப் போல இன்னொண்ணு இல்லை. நானே ஒவ்வொரு கோடாப் பாத்துட்டேன்" என்றார். மூவரில் கையெழுத்து அழகாக இருந்தவனுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பிறகு வள்ளிநாயகத்தின் அறிக்கையைக் கடைசி வரி மட்டும் படித்தார்.

"ஐம்பது பேரைக் கேட்டா ஒன்பது பேரா? எண்ணவே தெரியல்ல, உனக்கு ரேகை எதுக்குடே? அந்த மூணு பேரையும் பாத்துப் படி!"

வள்ளிநாயகம் படி இறங்கினான். அழுகை வந்தது, அழுதான். கடைசிப் படியில் நிலையத்துப் பியூன் ராஜையன் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மக்கா, வேலை கிட்டல்லியா?"

"இல்லண்ணே. எனக்கு ஒன்பது ஆளு கிட்டதுக்குள்ள உயிரு போச்சு. அவனுவ எங்க போயி நூத்தைம்பது பேரைப் பிடிச்சானுவளோ!"

ராஜையன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "எங்கயும் போகல்ல மக்கா, மூணு பேரும் இந்தப் படியிலதான் வந்து நின்னானுவ, நூத்தைம்பதும் எனக்க ஒத்தப் பெருவிரலாக்கும்."