அடைப்புக்குறி இல்லாத மாப்பிள்ளை

பத்திரிகையில் பிரதி திருத்துகிறவனிடம் எதையும் சுத்தம் செய்யக் கொடுக்கக் கூடாது. நான் அந்த இனம். அடைப்புக்குறியைக் கண்டால் அந்த நாட்களில் என் கை தானாக அதை அடித்து நீக்கிவிடும். (இப்போது திருந்திவிட்டேன். தெரிகிறதல்லவா?)

எனக்கும் மாலினிக்கும் கல்யாணப் பேச்சு பாதியில் இருந்தது. அவள் அப்பா கிடர்பூரில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நியூ டவுன் ஃபிளாட்டில் தன் பழைய லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். மாலினி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாள். இறந்துபோன மனைவி பாடிய வீடியோக்களை அவர் தினமும் அதில்தான் பார்ப்பார்.

"டிஸ்க் நிறைஞ்சுடுச்சாம். வேண்டாததை எடுக்கணும்."

"நான் பண்றேன் மாமா."

"ஷோனோ, கேளு, நீ தொடாதே! குளிச்சுட்டு வந்து நான் பார்க்கறேன்," என்றாள் மாலினி உள்ளிருந்து, ஊர் வழக்கப்படி வங்காளம் கலந்து.

தொட்டேன்.

வேண்டாதது எது என்பதையும் நானே முடிவு செய்தேன்: 'குட் மார்னிங்' ரோஜாப் படங்கள், அதே ரகத் துண்டு வீடியோக்கள். இணையத்தில் ஒரு மாதிரிக் கட்டளை கிடைத்தது. கோப்பு சிறியதாக இருக்க வேண்டும், படமாகவோ வீடியோவாகவோ இருக்க வேண்டும், இருந்தால் அழி. 'படம் அல்லது வீடியோ' என்ற பகுதியைச் சுற்றி மட்டும் அடைப்புக்குறிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சாய்கோடு. என்ன அசிங்கம்! அவற்றை நீக்கிவிட்டு என்டரைத் தட்டினேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. வெற்றி என்று நினைத்துக் காபி கேட்டேன். (ஆமாம், கேட்டேன்.)

அடைப்புக்குறி போனதும் கணினி வாக்கியத்தை 'அல்லது'வில் இரண்டாக வெட்டியிருந்தது. சிறிய படமா, இருந்துவிட்டுப் போகட்டும். வீடியோவா, எவ்வளவு பெரிதானாலும் அழி.

"மாலினி, அம்மா பாட்டைக் காணோமே," என்றார் மாமா. கத்தவில்லை. (கத்தியிருக்கலாம்.)

தலையில் துண்டோடு ஓடி வந்தாள். "ஆரே பாபா, என்ன பண்ணே நீ?" என்னைத்தான் கேட்டாள். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்தாள். "கவலைப்படாதீங்கப்பா. அம்மா எதையாவது ஒருத்தருக்கு மட்டும் அனுப்பியிருக்காளா? பாட்டெல்லாம் என் போன்ல இருக்கு, மூணாம் மாடி கங்குலி மாஷிகிட்டேயும் இருக்கு."

மாமா திரையை நகர்த்திக்கொண்டே போனார்.

"ரோஜா எல்லாம் இருக்கே."

"மன்னிச்சுடுங்க மாமா. நான் அழிக்கப் பார்த்ததே அதைத்தான்."

"இது வேற யார்கிட்டேயும் இல்லை. தினம் காலையில அவ சமையல்கட்டிலேர்ந்து இந்த நாற்காலிக்கு அனுப்புவா. காபி ரெடின்னு அர்த்தம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டளையை ஒழுங்காக எழுதியிருந்தால் பாட்டு பிழைத்திருக்கும். ரோஜாக்கள் போயிருக்கும்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லவேளை, மாப்பிள்ளைக்கு வேலை தெரியலை."

அவர் என்னை மாப்பிள்ளை என்றது அதுவே முதல் முறை.

இன்றும் நான் அலமாரியை ஒழிக்கப் போனால் மாலினி குரல் கொடுப்பாள்: "அப்பா, உங்க மாப்பிள்ளை கிளம்பிட்டார். வேணுங்கறதுக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டுக்கோங்க!"

மாமா இப்போது எங்களோடு இருக்கிறார். காலையில் என் போன் ஒரு முறை சிணுங்கும். திறந்தால் ஒரு பழைய ரோஜா. எழுந்து சமையல்கட்டுக்குப் போவேன். காபி ரெடியாக இருக்கும்.