ஒன்பது அட்டைகளுக்குச் சந்தனம்

மாதுங்கா, பம்பாய்,
14 அக்டோபர் 1967

அன்புள்ள பஞ்சு மாமாவுக்கு நாகலக்ஷ்மியின் அநேக நமஸ்காரங்கள். இங்கே அப்பா, அம்மா, கம்ப்யூட்டர் மூவரும் சௌக்கியம். பாலக்காட்டில் மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

விஜயதசமியன்று காலையில் அம்மாவிடம் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். "உன்னால் என் ஆறு மாதப் படிப்பு போச்சு" என்று நான் சொல்லவில்லை. "காப்பி ஆறிப் போறதுடீ" என்றாள். "இதோ" என்றேன். அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. "பி.காம். படித்த பெண்ணுக்கு அட்டையில் ஓட்டை போடுவது ஒரு படிப்பா? அவள் எழுதுகிற புரோகிராம் தசராவன்று ஓடினால் சரி, இல்லாவிட்டால் ரயிலேற்றி அனுப்பு, இங்கே ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். எங்கள் மாலை வகுப்பில் பதினோரு பேர், எல்லோரும் காமர்ஸ். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனி தன் கம்ப்யூட்டரை விடுமுறை நாளில் எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது, ஆளுக்கு ஒரே ஒரு தடவை. ஒரு குடைக் கம்பெனியின் மழைக்கால விற்பனையை அட்டைகளில் கொடுத்து, எந்தக் கடையில் எந்த மாதம் எத்தனை குடை விற்றது என்று மெஷினைச் சொல்ல வைக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு கட்டளை, அட்டைக்கு எண்பது கட்டம். எந்தக் கட்டத்தில் பார் என்று சொல்கிறோமோ அங்கேதான் பார்க்கும், பக்கத்தில் எட்டிப் பார்க்கிற புத்தி அதற்குக் கிடையாது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் நானே என் கையால் துளையிட்டேன்.

சரஸ்வதி பூஜையன்று அம்மா அந்த அட்டைக் கட்டைத் தூக்கிப் பூஜையில் வைத்துவிட்டாள். மறுநாள் காலைவரை தொடக்கூடாதே! புனர்பூஜை ஆனதும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், நவராத்திரிக்கு ஒன்பது என்று ஒன்பது அட்டைகளை உருவி விசிறிபோலப் பரப்பி, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். "புஸ்தகத்துக்கு மட்டும் வெச்சா இது கோவிச்சுக்காதோ?" என்றாள். அப்போதுதான் மேலே சொன்ன காப்பி.

கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், கம்ப்யூட்டருக்கே செண்டுமல்லி மாலை போட்டிருந்தார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மலையாளி ஆபரேட்டர் நாணு என் அட்டைகளை முகர்ந்து பார்த்தார். "மாலை வெளியிலேயாக்கும் குட்டீ. இது வயித்துக்குள்ளே போற சாதனம். ஒட்டினா நானாக்கும் ஆபரேஷன் பண்ணணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு முன்னால் கிட்டு என்ற பையனின் புரோகிராம் தாதர், தாதர், தாதர் என்று காகிதம் தீரும்வரை அச்சடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் புதுக் காகிதம் ஏற்றும் நேரம்தான் எனக்கு மிச்சம். அங்கே அட்டை துளையிடும் நூர் நிஷாவிடம் ஓடினேன். தாராவியில் இருக்கிறாள், திருநெல்வேலிப் பக்கம். "என்னளா இது, மிஷினுக்குக் கலியாணமா? சீட்டு பூரா பொட்டு வச்சிருக்கே!" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே நான் எழுதி வைத்திருந்த தாளைப் பிடுங்கி ஒன்பதையும் புதிதாகக் குத்திக் கொடுத்தாள். "போளா, போ! ஜல்தி போ! ஓடலைன்னா எம்மேல பழி சொல்லாதே!"

மாமா, ஓடிற்று! நின்று, யோசித்து, கடகடவென்று அச்சடித்தது. ஜூலையில் எல்லாக் கடைகளையும் செம்பூர் முந்தியிருந்தது. பார்க்க வந்திருந்த குடைக் கம்பெனி மானேஜர் தாதர்தான் என்று ஆறு வருஷமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தாராம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பதினோரு பேரில் முதல் தடவையிலேயே ஓடியது என்னுடையது ஒன்றுதான். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனியில் வேலை தருகிறார்கள், திங்கட்கிழமை சேர வேண்டும். இதற்கெல்லாம் என் மூளையைத் தவிர வேறு எந்த உதவியும் கிடையாது என்பதைத் தாங்கள் பாலக்காட்டில் யார் கேட்டாலும் சொல்லலாம், கேட்காதவர்களிடமும் சொல்லலாம்.

மாமிக்கு என் நமஸ்காரம். அந்த ஜாதகத்தை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மருமாள்
நாகலக்ஷ்மி

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு கர்வத்தில், சந்தனம் பட்ட ஒன்பது அட்டைகளையும் நான் எழுதிய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏழாவதில், குடை எண்ணிக்கையை 24ஆம் கட்டத்தில் பார் என்பதற்குப் பதிலாக 42 என்று குத்தியிருக்கிறேன். 42இல் ஒன்றுமே கிடையாது. அது மட்டும் உள்ளே போயிருந்தால், ஜூலை மாத பம்பாயில் ஒருவர்கூடக் குடை வாங்கவில்லை என்று மெஷின் அச்சடித்திருக்கும். நான் இந்நேரம் ரயிலில் இருந்திருப்பேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பின்னே?" என்று கேட்டுவிட்டு மோர் கடையப் போய்விட்டாள்.