அலுமாரிக்குள் ஊற்றுண்ட லாவண்டர்

என் அருமைத் தங்கச்சி ஆன்சலாவுக்கு,

சிலாவத்தையிலிருந்து உன் அண்ணன் யாகப்பு எழுதிக்கொள்வது. நீயும் மச்சானும் பிள்ளைகளும் பிரான்சின் குளிரிலும் குறைவின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

உன் மச்சாள், என் யூலிற்றா, கண்மூடிய மாசியிலிருந்து எனக்கு நித்திரை இல்லை என்று போனில் அழுதேன் அல்லவா, அதற்கு நீ ஒரு போத்தல் லாவண்டர் எண்ணெய் அனுப்பி, "அண்ணை, தலகாணியில ஒரு சொட்டு விடுங்கோ. மனப்பாரம் குறையும், நித்திரை வரும், நுளம்பும் அண்டாது" என்றாய். விட்டேன். நித்திரை வரவில்லை. நுளம்பு கடிக்க வந்தது, தன் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு. ஒரு சொட்டுக் காணாதாக்கும் என்று கழுத்திலும் நெஞ்சிலும் பூசிக்கொண்டு காலைப் பூசைக்குப் போனேன், அங்கேதான் சனியன் பிடித்தது. முன்வாங்கில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீடு வந்து சேருமுன் எனக்குக் கலியாணமே பேசி முடித்துவிட்டார்கள், பொம்பிளை மல்லாவிப் பக்கமாம். மத்தியானம் யூலிற்றாவின் தம்பி றொமேஸ் முற்றத்தில் வந்து நின்று, "அத்தான், அக்காவின்ர வருசப் பூசையே இன்னும் முடியேல்லை. ஆருக்காக இப்பிடி வாசமடிச்சுக்கொண்டு திரியிறியள்?" என்றான்.

"நித்திரை கொள்ளத்தான்ரா."

"ஆரோட?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பியவன்தான், பிறகு என்னோடு கதையில்லை.

வெட்கத்தில் போத்தலை அலுமாரிக்குள் ஒளித்துவைத்தேன். மூடியை இறுக்கவில்லை போல. அடுத்தநாள் திறந்தால், அவ்வளவும் யூலிற்றாவின் சேலைகளில் ஊறிக் கிடக்கிறது. அந்தச் சேலைகளை நான் தோய்க்காமல் வைத்திருந்தேன், தங்கச்சி. மிளகாய்த்தூளும் பவுடருமாய் அவாவின்ர மணம் அதில இருந்தது. இடைக்கிடை முகத்தை வச்சுப் பாப்பன். இப்ப எல்லாத்திலயும் பிரான்ஸ்தான் மணக்குது. ஒவ்வொண்டா விரிச்சுத் தேடினனான், ஒண்டிலயும் அவா இல்லை.

ஆகவே இந்த எண்ணெயால் ஒரு பிரயோசனமும் கிடையாது, இனி அனுப்பவேண்டாம். உன்மேல் கோபமில்லை. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் அன்பு அண்ணன்,
யாகப்பு

பி.கு.: கடிதத்தை முடித்துவிட்டு, மடித்துவைக்க எடுத்த சேலையில் தலையைச் சாய்த்தவன் அப்படியே உறங்கிப்போனேன். பக்கத்து வீட்டு வடிவம்மா கூப்பிட்டும் அசைவில்லை என்று, நான் செத்துப்போனதாக றொமேஸுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறா. கதவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தவன், நான் குறட்டை விடுவதைக் கண்டு தலைமாட்டில் குந்தியிருந்து அழுதிருக்கிறான். அந்தச் சத்தத்தில்தான் எழும்பினேன். இப்போது குசினியில் தேத்தண்ணி போடுகிறான். எண்ணெய் ரண்டு போத்தலாய் அனுப்பு. அவனுக்கும் மாசியிலயிருந்து நித்திரை இல்லையாம்.