தேருக்கு லேட் போட்ட டைம்கீப்பர்

சாமிக்கே லேட் ரிப்போர்ட் எழுதிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெருக்காரர்.

ஒரு மார்கழித் தேரோட்டத்தன்று சுசீந்திரத்தில் தாணுமாலயன் தேருக்கு வடம் பிடிக்க நேரமாகிவிட்டது. ஊரே கைகூப்பி நிற்கிறது. இவர் மட்டும் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, 'தேர், நாற்பது நிமிடம் லேட். காரணம் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதினார். பக்கத்தில் நின்றவர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, சாமி குத்தம் ஆயிரும்."

"லேட்டு சாமியோடது. குத்தம் மட்டும் எனக்கா?"

பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பெயரும் இருந்தது, ஆனால் அது ரேஷன் கார்டை விட்டு வெளியே வந்ததில்லை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் கிளம்பு. மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு வாயருகே கொண்டுபோன நேரம், காதுக்குப் பின்னால் இரண்டு விசில் ஊதினார். சம்பந்தி இலையோடு எழுந்துவிட்டார்.

"அடுத்த ட்ரிப்புக்கு ஆளு நிக்குல்லா?" என்றார் டைம்கீப்பர்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இதே தொழில்தான். ஊரில் எல்லோருடைய பேச்சையும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். நான் மைக்கில் பேசியது 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' மட்டும்தான். ஃபோர் என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம்.

ஜப்பானில் சுனாமி வந்து அணு உலைக் கட்டடம் வெடித்ததை டீக்கடை டிவியில் காட்டிய நாளில்தான் டைம்கீப்பருக்கு அந்தக் கேள்வி பிடித்தது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, மாவட்ட எல்லை தாண்டி, பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழித்தால் கடற்கரையில் நமக்கும் ஒரு உலை உண்டு. டிவியில் புகை கிளம்பியது. டீக்கடையில் ஒருத்தரும் டீயைக் கீழே வைக்கவில்லை.

"அது ஜப்பானு. நம்ம உலை புதுசு."

"நமக்கு ஒண்ணும் ஆவாது. காத்து அந்தால அடிச்சிட்டுப் போயிரும்."

"தாணுமாலயன் பாத்துக்கிடுவாரு."

"யாரு, அவரா?" என்றார் டைம்கீப்பர். "தேரையே நாப்பது நிமிசம் லேட்டா எடுத்த ஆளு."

பிறகு விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "சரி மக்கா, ஒண்ணும் ஆவாது. ஒருவேள ஆயிட்டுண்ணா எந்தப் பஸ்ஸு? எங்க நிக்கும்? எத்தன மணிக்கு? தேருக்கு ஸ்பெஷல் வண்டி விட்டவன் நான். சந்தோசமா வந்த கூட்டத்த வீட்டுக்கு அனுப்பவே ஒரு பகலு ஆவும். பயந்த கூட்டத்த எப்பிடி அனுப்புவிய?"

எல்லோரும் சிரித்தோம். சுனாமி நம் கடற்கரையில் ஏறுவதற்கு முந்தின நாள் யாராவது கேட்டிருந்தாலும் இப்படித்தான் சிரித்திருப்போம். அவர் ஏன் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் மனைவி வாதம் வந்து இரண்டு காலும் விழுந்து படுக்கையில் இருந்தார். ஊரே ஓடினாலும் ஓட முடியாத ஒரு ஆள் அவர் வீட்டில்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். மைக் செட் என்னுடையது. வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர், விபத்து என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு மணி நேரம் விபத்தைப் பற்றியே பேசினார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் டைம்கீப்பர் மேடையேறினார். "எந்தப் பஸ்ஸு?" என்றதுமே எங்கள் ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துக் கையைத் திருகிக் காட்டினார். நானும் ஆம்ப்ளிஃபயரில் திருகிவிட்டேன்.

டைம்கீப்பர் செத்த மைக்கில் வாயை அசைத்துக்கொண்டே நின்றார். அவர் முடிக்கும் முன்பே கூட்டம் கைதட்டி அனுப்பி வைத்தது. இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"என்ன மக்கா, பிரேக்டவுணா?"

"ஒயரு போச்சு அண்ணாச்சி" என்றேன், ஒயரைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தார். கையில் புது ஒயர், நல்ல கனம். "இந்தா. இது நல்ல ஒயராக்கும். இனிப் போவாது." கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நிஜமாகவே நம்பினாரா, இல்லை என்னை அடிக்காமல் அடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைவிட அவர் என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய கூத்து. உலை வெடித்தால் ஊரைக் காலி செய்யும் ஒத்திகையை நாமே நடத்துவோம் என்று கிளம்பிவிட்டார். நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார். 'ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு எல்லோரும் பஸ் ஸ்டாப்பில் கூடவும். ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவரவும்.' அவசர காலத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதியிருந்தார். எதற்காக என்று எழுத மட்டும் மறந்துவிட்டார்.

எங்கள் ஊரில் மாற்றுத்துணியும் கட்டுச்சோறும் கொண்டுவா என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போகிறோம்.

ஞாயிறு காலை நூறு பேருக்கு மேல் திரண்டுவிட்டார்கள். தலையில் எண்ணெய் வழிகிறது. கையில் சோப்பு டப்பா. புளிச்சோறு மணம் ரோட்டையே தூக்குகிறது. டைம்கீப்பர் மனைவியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நானும் அவரும் தூக்கி வந்தோம். அந்த அக்காவும் தலையில் எண்ணெய் தேய்த்திருந்தார்.

டைம்கீப்பர் கண்ணில் தண்ணீர். "பாத்தியா மக்கா, சனத்துக்கு விழிப்புணர்வு வந்துட்டு." கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்துக்கு இரண்டு விசில் ஊதினார். ஒன்றும் நகரவில்லை. நகர என்ன இருக்கிறது?

பத்தரைக்குச் சலசலப்பு தொடங்கியது. "டைம்கீப்பரே, பஸ்ஸு எங்க?"

"அதத்தான் நானும் கேக்கேன்!"

"வெளையாடாதியும்! இத்தன பேர வரச்சொல்லிட்டுப் பஸ்ஸு இல்லண்ணா எப்பிடி? பிள்ளையளும் கெழடும் வெயில்ல நிக்குல்லா?"

"அப்பிடிக் கேளுங்க!" என்று குதித்தார் டைம்கீப்பர். "இன்னும் சத்தமா கேளுங்க!"

அந்த நேரம் பார்த்து ரூட் பஸ் ஒன்று வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் டிரைவர் நிறுத்தாமல் போய்விட்டார். டைம்கீப்பர் நோட்டை எடுத்து எழுதினார். 'நின்றவர்கள் நூற்றுக்கு மேல். வந்த வண்டி ஒன்று. நிற்கவில்லை.' அப்போதுதான் சனத்துக்கு அருவி இல்லை என்பது விளங்கியது. அவரைத் திட்டியபடியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். அதிகம் திட்டியது நாற்காலியில் இருந்தவர்தான்.

"முப்பது வருசம் ஊரையெல்லாம் வண்டி ஏத்தி அனுப்புனிய. என்னய ஒரு நாளு திற்பரப்புக்குக் கூட்டிட்டுப் போனியளா?"

டைம்கீப்பர் நோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியை நிழல் பக்கம் இழுத்தார்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே மைதானம், அதே தலைவர், வேறொரு பேச்சாளர். பேச்சு மட்டும் மாறவில்லை. டைம்கீப்பர் மேடையேறினார்.

"ஐயா, எனக்கு அணுவும் தெரியாது, அறிவியலும் தெரியாது. என் வீட்டுல நடக்கமாட்டாத பொம்பள ஒருத்தி கெடக்கா. அவள ஏத்தணும். எந்தப் பஸ்ஸு? எங்க நிக்கும்? எத்தன மணிக்கு?"

"பெரியவரே, விபத்தே நடக்காதபோது பஸ் எதற்கு?"

"நடக்காதுண்ணா நல்லதுதான். பஸ் ஸ்டாப் போர்டுல 'விபத்து கேன்சல்'ணு எழுதி ஒட்டுங்க. அடியில காரணம் எழுதிக் கையெழுத்தும் போடுங்க. ஒரு டவுண் பஸ்ஸு கேன்சல் ஆனாலே நாங்க காரணம் எழுதுவோம்."

கூட்டத்தில் சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வெயிலில் சோப்பு டப்பாவோடு நின்றவர்கள் அல்லவா? பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "பஸ்ஸு எங்கண்ணு சொல்லுங்க சார்!" என்றது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்துக் குரல்.

தலைவர் என்னைப் பார்த்துக் கையைத் திருகினார். நான் அசையவில்லை. தலைவர் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "ஏலே, ஆஃப் பண்ணுலே! ஒயரு போச்சுண்ணு சொல்லு!"

நான் ஆம்ப்ளிஃபயர் திருகை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். 

"இது நல்ல ஒயராக்கும். போவாது" என்றேன்.

அன்றைக்கும் பதில் வரவில்லை. பேச்சாளர் கடிகாரத்தைப் பார்த்தார், காரில் ஏறினார். டைம்கீப்பர் நோட்டில், 'பதில், லேட்' என்று எழுதிக்கொண்டார். தலைவர் விழாக்களுக்கெல்லாம் அதன் பிறகு வேறு மைக் செட். போகட்டும். அந்த ஒயரை நான் யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை.

வருடங்கள் போய்விட்டன. இப்போது டைம்கீப்பருக்கு முழங்கால் முட்டு போய்விட்டது, கூட்டங்களுக்கு வருவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர்க் கட்டிலில் கிடந்து சண்டை போடுகிறார்கள். போன சித்திரையில் நானே ஒரு வேன் பிடித்து இருவரையும் திற்பரப்புக்குக் கூட்டிப்போனேன். அக்கா தலையில் அருவித் தண்ணீரைக் கோரி ஊற்றியபோது, வேன் எட்டு நிமிடம் லேட் என்று அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் எந்த விழாவுக்கு என் செட் போனாலும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை அவர் வீட்டுப் பக்கமாகத் திருப்பிக் கட்டுகிறேன். மைக்கைத் தட்டிப் பார்ப்பேன். ஒன், டூ, த்ரீ சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். எந்தப் பஸ்ஸு? எங்க நிக்கும்? எத்தன மணிக்கு?"

காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, இரண்டு விசில் வரும். அது வந்த பிறகுதான் நான் மைக்கை மற்றவர்களுக்குக் கொடுப்பேன்.