புகழ்ந்தால் தொட்டுவிட வேண்டும்

தடுப்பூசிப் பெட்டியில் பாதி ஐஸ் உருகிவிட்டது. வரிசையில் நின்ற பெண்களோ பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பங்குக் கோயில் மண்டபத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் பெனிக்னா ஓடிப்போய் வாசலை மறித்தார். ஆயர் இல்லத்தில் மன்றாடி, தலைநகர் தெகுசிகால்பாவிலிருந்து இரண்டாம் முறையாக வரவழைத்த டாக்டர். இன்று கூட்டம் இல்லையென்றால் இனி வேறு ஊருக்குத்தான் அனுப்புவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"என்ன ஆச்சு, காசில்தா?"

முதல் ஆளாக உள்ளே போய்வந்தவள் காசில்தா. மகன் நிகானோரின் மணிக்கட்டில் திருஷ்டிக்குச் சிவப்புக் கயிறு.

"உங்க டாக்டர் இவன் வயித்தைப் பாத்து, 'அடடா, என்ன கொழுகொழு வயிறு'ன்னுட்டாரு. ஆனா தொடலை! புகழ்ந்தவங்க தொட்டுடணும்னு தெரியாதா? பிள்ளைக்குக் கண்ணு பட்டுடாது?"

உள்ளே டாக்டர் லிசாந்த்ரோ குனிந்த தலை நிமிராமல், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துப் பூச்சி மாத்திரை எழுதிவைத்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் போய் விஷயத்தைச் சொன்னார். "நானா? வயித்தையா?"

"வாய் தவறி வந்திருக்கும். வந்து தொட்டுடுங்க, டாக்டர்."

டாக்டர் வந்து, கையுறையோடு நிகானோரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பெண்கள் கொந்தளித்துவிட்டார்கள்.

"கண்ணு பட்டது வயித்துல, தொடுறது தலையையா?"

"ரப்பரைப் போட்டுக்கிட்டுத் தொட்டா அந்த ரப்பருக்குத்தான் திருஷ்டி கழியும்!"

டாக்டர் எரிச்சலோடு கையுறையைக் கழற்றி வயிற்றில் கை வைத்தார். எரிச்சல் மறைந்தது. மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"இடது பக்கம் எப்பலேருந்து இப்படிக் கல்லு மாதிரி இருக்கு?"

விஷயம் முடிந்தது என்று சிஸ்டர் மூச்சுவிடுவதற்குள் அடுத்தவள் முன்னால் வந்தாள். "போன தடவை என் பொண்ணோட காதைப் புகழ்ந்துட்டுப் போனாரு. அன்னையிலேருந்து சீழ் வடியுது."

"என் பையன் மூச்சு விடுற அழகைச் சொன்னாரு. பாருங்க, எப்படி இழுக்குதுன்னு!"

மண்டபம் மறுபடி நிரம்பியது. ஆனால் சிஸ்டர் டாக்டரை ஓரமாக இழுத்தார். இந்த மனிதருக்கு இவ்வளவு நீள வாயா?

"டாக்டர், இனிமே யாரையும் புகழாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"சிஸ்டர், சத்தியமா நான்..."

அப்போதுதான் நிறைமாதக் கர்ப்பிணி தெல்பினா தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "என்னோட காலைப் புகழ்ந்தாரு, சிஸ்டர்."

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்தவன் பெண்டாட்டியின் காலையா! இது ஆயர் காதுக்குப் போனால் டாக்டரோடு மருந்துப் பெட்டியும் ஊரைவிட்டுப் போய்விடும்.

"தொடச் சொல்லுங்க" என்றாள் தெல்பினா, தரையைப் பார்த்தபடி.

டாக்டர் மண்டியிட்டு அவள் காலை அழுத்தினார். விரல் பதிந்த இடம் மாவில் வைத்த குழிபோல அப்படியே நின்றது. அவசரமாக ரத்த அழுத்தம் பார்த்தவர், முகம் வெளுத்து எழுந்தார்.

"சிஸ்டர், ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க. இவங்க இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்த வயித்துக்காரப் பையனும் கூடவே போகட்டும்." பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் நானே வர்றேன்" என்றார்.

முன் இருக்கையில் தெல்பினா. பின்னால் காசில்தாவும் நிகானோரும். ஜீப் உறுமியது. சிஸ்டர் ஜன்னலில் குனிந்து கிசுகிசுத்தார்: "மனுசன் நல்ல டாக்டர்தான். அந்தப் புகழுற வாய் மட்டும் இல்லேன்னா..."

காசில்தா மகனின் சிவப்புக் கயிற்றைச் சரிசெய்தாள்.

"அவரு எங்க சிஸ்டர் புகழ்ந்தாரு? போன தடவையும் சரி, இன்னைக்கும் சரி, தலையையே தூக்கலையே!"